டைகாஸ்ட் கார்களுக்குப் புதுப் பெயின்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனி கொடுத்த நிறமே நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

பிடித்திருந்தால் மாற்ற வேண்டாம். ஆனால் டைகாஸ்ட் கார்களில், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் பொம்மைக் கார்களில், சின்ன அளவுள்ள பலவற்றுக்குப் பக்கவாட்டில் தீ ஜுவாலை, பெரிய எண்கள், எங்கோ ஒரு மூலையில் கம்பெனியின் சொந்த முத்திரை என்று ஏதாவது அச்சடித்திருப்பார்கள். அடியில் இருக்கும் வார்ப்பு அருமையாக இருக்கும், மேலே இருப்பதுதான் பொம்மைத்தனமாக இருக்கும். தெருவில் ஓடும் அதே காரை, அதே நிறத்தில், சரியான முகப்பு விளக்கோடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள்தான் பெரும்பாலும் இதில் இறங்குகிறார்கள். இன்னொரு கூட்டம் தொழிற்சாலையில் வராத நிறங்களைக் கற்பனை செய்து அடிக்கிறது. இரண்டுக்கும் வேலைமுறை ஒன்றுதான்.

டைகாஸ்ட் என்றால் முழுக்க உலோகமா?

இல்லை. மேல் உடல் மட்டும் பொதுவாக உலோகம். கண்ணாடி, இருக்கைகள், சக்கரங்கள் எல்லாம் பிளாஸ்டிக். அடித்தட்டு சில மாடல்களில் உலோகம், பலவற்றில் பிளாஸ்டிக். சிலவற்றில் தலைகீழாக, அடித்தட்டு உலோகமாகவும் மேல் உடல் பிளாஸ்டிக்காகவும் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பெயின்ட் ரிமூவரில் போட்டால் உடலே கரைந்துபோகும்.

காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும், ஆனால் பயன் இல்லை. இந்த உலோகம் ஜமாக் எனப்படும் கலவை: பெரும்பங்கு துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம், மிகக் கொஞ்சம் மக்னீசியமும் தாமிரமும். காந்தம் இதில் ஒட்டாது. நகத்தால் தட்டிப் பாருங்கள். உலோகத்தின் சத்தமும் குளிர்ச்சியும் உடனே தெரிந்துவிடும்.

முதல் முயற்சிக்கு எந்தக் காரை எடுப்பது?

1:64 அளவில் (நிஜக் காரில் 64-ல் ஒரு பங்கு), கதவோ பானெட்டோ திறக்காத, வளைவுகள் எளிமையாக உள்ள ஒரு கார். ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ், மஜோரெட், டொமிகா எதுவானாலும் சரி. அடிபட்டுப் பெயின்ட் உதிர்ந்த பழைய கார் என்றால் இன்னும் நல்லது, கெடுத்துவிடுவோமோ என்ற பயம் இருக்காது. ஒரே மாடலில் இரண்டு கிடைத்தால் ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்து வேலை செய்யலாம்.

1:18 கார் பெரிதாக இருப்பதால் சுலபம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதில் ஏராளமான உதிரிப் பாகங்கள், கீல்கள், ஒட்டுகள். பரப்பு பெரிதாக இருப்பதால் ஒரு தூசி விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். அதற்கு அப்புறமாகப் போகலாம்.

உரிப்பதற்கு முன் கையில் இருப்பது என்ன கார் என்று ஒருமுறை சரிபாருங்கள். ஹாட் வீல்ஸில் 1995 முதல் டிரெஷர் ஹன்ட் என்ற அரிய வரிசை வருகிறது. அதிலேயே சூப்பர் டிரெஷர் ஹன்ட் என்றால் ஒளி ஊடுருவும் பளபளப்புப் பெயின்ட், ரப்பர் டயர் எல்லாம் இருக்கும். சேகரிப்பாளர்கள் தேடி அலைகிற பொருள் அது. அதைப் பெயின்டை இளக்கும் அசிட்டோனில் முக்கி எடுத்த பிறகு தெரிந்து என்ன செய்வது?

வீட்டில் ரொம்பப் பழைய கார் ஒன்று இருக்கிறது. அதற்கு அடிக்கலாமா?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது மதிப்பு. 1968 முதல் 1977 வரை வந்த சிவப்புக்கோட்டு டயர் ஹாட் வீல்ஸ், லெஸ்னி என்ற பிரிட்டிஷ் கம்பெனி தயாரித்த காலத்து மேட்ச்பாக்ஸ், பழைய டிங்கி போன்றவற்றில் அசல் பெயின்ட் இருப்பதுதான் மதிப்பே. தேய்ந்திருந்தாலும் அசலுக்கு இருக்கிற மரியாதை புதுப் பெயின்டுக்கு வராது. ஏற்கெனவே யாரோ வீட்டு பெயின்டைப் பூசிக் கெடுத்திருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

இரண்டாவது ஈயம். 1970-களுக்கு முந்தைய பொம்மைப் பெயின்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தூள் பறந்து மூச்சில் போகும். ரசாயனத்தில் ஊறவைத்துக் கையுறையோடு உரிப்பதுதான் வழி. கழிவைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

மூன்றாவது உலோகத்தின் நோய். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால், பல வருடங்கள் கழித்து உள்ளுக்குள்ளேயே அரித்து, உடல் உப்பி, நுண்ணிய விரிசல் விட்டு, கடைசியில் பொடிப்பொடியாக உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கார்களில் இது மிகவும் பிரசித்தம். அப்படி விரிசல் தெரிகிற காரை எந்தப் பெயின்டும் காப்பாற்றாது. உலோகத்தின் தூய்மையில் கவனம் கூடிய பிறகு வந்த கார்களில் இது அரிது.

காரை எப்படிப் பிரிப்பது? ஸ்குருவே இல்லையே?

பெரிய மாடல்களிலும் சில உயர்விலை 1:64 கார்களிலும் ஸ்குரு இருக்கும். மற்றவற்றில் உடலிலிருந்து கீழே இறங்கும் சின்னத் தூண்களின் முனையை நசுக்கி ரிவெட் ஆக்கியிருப்பார்கள். அடித்தட்டைத் திருப்பினால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வட்டமாகத் தெரியும். அந்த நசுங்கிய தலையை மட்டும் டிரில் செய்து எடுக்க வேண்டும். தூணைத் தொடக் கூடாது.

முதலில் ரிவெட்டின் நட்ட நடுவில் கூரான பஞ்ச் வைத்து ஒரு சின்னக் குழி போடுங்கள். இல்லாவிட்டால் பிட் வழுக்கிக்கொண்டு ஓடி, அடித்தட்டில் கீறல் போடும். அப்புறம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் பிட்டை மெதுவான வேகத்தில் வைத்து, கொஞ்சம் குடைந்து, நிறுத்திப் பார்த்து, மறுபடியும் குடையுங்கள். தலை மோதிரம் போலக் கழன்று பிட்டோடு வந்துவிடும். அந்த நொடியில் நிறுத்தவும். இதிலேயே பலர் அவசரப்பட்டுத் தூண் முழுவதையும் குடைந்துவிடுகிறார்கள். உலோகம் மென்மையானது என்பதால் பிட் சட்டென்று இறங்கிவிடும். கண் கவசம் அணிந்துகொள்ளுங்கள், கையில் பிடித்துக்கொண்டு டிரில் செய்யாதீர்கள். துணி சுற்றிச் சின்ன வைஸில் வைக்கலாம்.

திரும்பப் பூட்டுவதற்கான வேலையையும் இப்போதே, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே, முடித்துவிட வேண்டும். தூணின் நடுவில் 1.6 மில்லிமீட்டர் துளை போட்டு, எம்2 டேப்பால் (2 மில்லிமீட்டர் ஸ்குருவுக்கு மரை வெட்டும் கருவி) மரை வெட்டுங்கள். ஒரு துளி எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போனால் டேப் உடையாது. அதன்பின் 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீள எம்2 ஸ்குரு போதும். சூப்பர் குளூவால் ஒட்டிவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பசையின் ஆவி பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பாகத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும், மறுபடி பிரிக்கவும் முடியாது. ஸ்குருதான் சரி.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். உள்ளே எது எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்பது இரண்டு வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

பழைய பெயின்டை உரிக்காமல் அதன் மேலேயே அடித்தால் என்ன?

அடிக்கலாம். ஆனால் 1:64 என்ற அளவை யோசியுங்கள். நிஜக் காரின் கதவு இடுக்கு 4 மில்லிமீட்டர் என்றால், இந்த அளவில் அது 0.06 மில்லிமீட்டர்தான். வார்ப்புக்காரர்கள் அதைக் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் காட்டுகிறார்கள். அப்படியும் அது மிக மெல்லிய கோடு. தொழிற்சாலைப் பெயின்ட், அதன் மேல் அச்சு, அதன் மேல் உங்கள் பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) என்று அடுக்கினால் கதவுக் கோடும் கைப்பிடியும் மூழ்கிப்போகும். பார்ப்பதற்கு உருகிய சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கார் பொம்மையாகத் தெரிவது இந்தத் தடிமனால்தான். இந்தப் பொழுதுபோக்கில் நுணுக்கம் என்று ஒன்று இருந்தால் அது பெயின்டைக் குறைவாக வைப்பதுதான். பின்னால் வருகிற பல பதில்களும் இதையேதான் சொல்லும்.

அச்சை மட்டும் எடுத்துவிட்டு அடியில் இருக்கும் நிறத்தை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால், பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரை லேசாகத் தொட்டு, அழுத்தாமல் துடையுங்கள். சில கார்களில் அச்சு மட்டும் வரும். சிலவற்றில் நிறமும் சேர்ந்து வரும். வெளியில் தெரியாத ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு ஆரம்பிக்கவும்.

எதை வைத்து உரிப்பது?

ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் கூழ் வகைப் பெயின்ட் ரிமூவர்தான் வேகமானது. உலோக உடலை மட்டும் ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்து, தூரிகையால் பூசி மூடிவைத்தால் பெயின்ட் சுருங்கித் தூக்கிக்கொண்டு வரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டியதுதான். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். டைகுளோரோமீத்தேன் கலந்த ரிமூவர் நிமிடங்களில் வேலை செய்யும். ஆனால் அதன் ஆவி உயிருக்கே ஆபத்தானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள், அமெரிக்காவிலும் 2019-ல் நுகர்வோர் விற்பனை தடை செய்யப்பட்டது. பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலானவை மெதுவாக, மணிக்கணக்கில் வேலை செய்யும். மெதுவானதையே தேர்ந்தெடுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

அசிட்டோனில் ஊறவைத்தால் பல கார்களின் பெயின்ட் இளகிவிடும். எல்லாவற்றுக்கும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. எரிபொருள் மாதிரிச் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு இருக்கிற அறையில் திறக்கவே வேண்டாம். பிளாஸ்டிக் பாகம் ஒன்றுகூடப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

காஸ்டிக் சோடாவை நிறையப் பேர் பரிந்துரைக்கிறார்கள். பெயின்டை உரிக்கும், உண்மைதான். ஆனால் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் சேர்த்து அரிக்கும், ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். மறந்து ஒரு இரவு விட்டால் உடல் கறுத்து, நுண்ணிய கோடுகள் மழுங்கிவிடும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். இவ்வளவு சின்னக் காருக்கு இந்த அபாயம் தேவையில்லை என்பது என் கருத்து.

எதைப் பயன்படுத்தினாலும் அந்த ரசாயனத்துக்கு ஏற்ற கையுறை, கண் கவசம், திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். சாதாரண மெல்லிய கையுறையைச் சில ரிமூவர்கள் ஊடுருவிவிடும். டப்பாவில் சொன்ன வகையை வாங்குங்கள்.

உரித்த பிறகு உடலில் கோடுகள் தெரிகின்றன. குறையா?

வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. தொழிற்சாலையில் பெயின்ட் அதை மறைத்திருக்கும். மெல்லிய ஊசி அரத்தால் மெதுவாகச் சீவி, 400, அப்புறம் 800, கடைசியில் 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கூரை ஓரத்திலும் சக்கர வளைவுக்கு மேலும் கட்டாயம் பார்க்கவும். இந்தக் கால் மணி நேர வேலையைச் செய்த காருக்கும் செய்யாத காருக்கும் இருக்கிற வித்தியாசத்தை எந்தப் பெயின்டாலும் கொண்டுவர முடியாது. இதே சமயத்தில், கதவுக் கோடுகள் ஆழமில்லாமல் இருந்தால் கூரான ஊசி அல்லது ஸ்கிரைபர் கொண்டு ஒருமுறை இழுத்து ஆழப்படுத்திக்கொள்ளலாம்.

பிரைமர் கட்டாயமா?

ஆம். துத்தநாகத்தின் மேல் சாதாரணப் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. நகம் பட்டால் தகடாக உரிந்து வரும். உலோகத்துக்கான பிரைமர், முடிந்தால் செல்ஃப் எட்சிங் வகை, வேண்டும். அது மேற்பரப்பை லேசாக அரித்து உள்ளே பிடித்துக்கொள்ளும்.

அதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைக்கவும். அதன்பின் வெறும் விரலால் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பெயின்ட் விலகி நிற்கும். தூண்களின் அடியிலும் மூலைகளிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும், ஹேர் டிரையர் காட்டினால் போதும். கழுவிய அன்றைக்கே பிரைமர் அடிப்பது நல்லது, காற்றுப் பட்டுத் துத்தநாகம் மங்கத் தொடங்கும்.

பிரைமரின் நிறமும் மேலே வரும் நிறத்தைப் பாதிக்கும். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு போன்றவை மறைக்கும் சக்தி குறைந்தவை. அவற்றுக்கு வெள்ளைப் பிரைமர். சாம்பல் பிரைமர் மேல் மஞ்சள் அடித்தால் அழுக்கு மஞ்சள்தான் வரும், அதைச் சரிசெய்யக் கோட் மேல் கோட் அடித்துத் தடிமன் கூடும். குரோம் போன்ற உலோகப் பெயின்ட்களுக்குப் பளபளக்கும் கறுப்பு அடித்தளம். மற்றதற்கெல்லாம் சாம்பல்.

ஸ்ப்ரே கேனா, ஏர்பிரஷா, கைத் தூரிகையா?

உடலுக்குத் தூரிகை வேண்டாம். கோடு விழும், தடிமனும் கூடும். தூரிகை விளக்குகளுக்கும் உட்புறத்துக்கும் மட்டும்.

ஸ்ப்ரே கேனிலேயே அருமையான வேலை செய்கிறவர்கள் நிறைய. தொடக்கத்தில் அது போதும். காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் சின்னக் கருவியான ஏர்பிரஷ்ஷின் பெரிய லாபம் நிறத்தைக் கலந்துகொள்ளலாம் என்பதும், பெயின்டை மிக மெல்லியதாகப் போடலாம் என்பதும். 0.3 மில்லிமீட்டர் நாஸில், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், பெயின்டைப் பால் அளவுக்கு நீர்க்கக் கலப்பது என்று தொடங்கி, உங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் பிரித்துக் கழுவ வேண்டும். அதற்குச் சோம்பல்படுகிறவர்கள் கேனோடு நிற்பதே நல்லது.

எந்த வகைப் பெயின்ட்?

பொதுவாக மூன்று வகை புழங்குகின்றன: லாக்கர், எனாமல், நீரில் கரையும் அக்ரிலிக். லாக்கர் வேகமாகக் காயும், மெல்லிய படலமாக நிற்கும், தேய்த்துப் பாலிஷ் போடலாம். எனக்குக் கார் உடலுக்கு லாக்கர்தான் பிடிக்கும். தமியாவின் டிஎஸ் கேன்கள், எல்பி குப்பிகள், ஜிஎஸ்ஐ கிரியோஸின் மிஸ்டர் கலர் எல்லாம் இந்த ரகம். தமியாவிலேயே பிஎஸ் என்று தொடங்கும் கேன்கள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் உடல்களுக்கானவை, டைகாஸ்டுக்கு வேண்டாம். எழுத்தைப் பார்த்து வாங்கவும்.

எனாமல் அழகாகச் சமன்படும், ஆனால் முழுதாய் இறுக நாட்கள் ஆகும். நீர் அக்ரிலிக்கில் நெடி குறைவு, மூடிய வீட்டில் வசதி. ஆனால் பாலிஷ் போடும்போது லாக்கர் அளவுக்கு ஒத்துழைக்காது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எனாமல் மேல் லாக்கர் அடிக்காதீர்கள். லாக்கரின் வீரியமான தின்னர் அடியில் உள்ள எனாமலை இளக்கி, தோல் சுருங்கியது போலச் சுருக்கிவிடும். லாக்கர் மேல் எனாமல் அடித்தால் பிரச்சினை இல்லை.

நிஜக் கார்களுக்கு விற்கும் டச்-அப் பெயின்டை அடித்தால் நிறம் அச்சாக வருமே?

ஒற்றை நிறம் என்றால் வரும். மெட்டாலிக் என்றால் யோசியுங்கள். அதில் உள்ள அலுமினியத் துகள்கள் நிஜக் காரின் அளவுக்கானவை. 64 மடங்கு சுருங்கிய காரில் அவை மணல் தூவியது போலத் தெரியும். நிறம் சரி, அளவு தப்பு. மாடல்களுக்கென்றே அரைத்த நுண்துகள் மெட்டாலிக் வாங்குவது நல்லது. அப்புறம், நிஜ நிறத்தை அப்படியே அடித்தால் சின்னக் காரில் சற்று அடர்த்தியாகத் தெரியும். ஒரு துளி வெள்ளை கலப்பவர்கள் உண்டு. நான் கலப்பது அடர் நீலத்துக்கும் கரும்பச்சைக்கும் மட்டும்தான்.

சரி, எப்படி அடிப்பது?

உடலை உள்பக்கமாக ஒரு குச்சியிலோ கிளிப்பிலோ பிடிக்க வைத்து, எல்லாப் பக்கமும் திருப்ப வசதியாக வைத்துக்கொள்ளுங்கள். கேனை ஒன்றிரண்டு நிமிடம் குலுக்கவும். குளிர்ந்த அறை என்றால் கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்தலாம், தூவல் நைசாக வரும். அடுப்பிலோ கொதிநீரிலோ ஒருபோதும் வேண்டாம், 50 டிகிரிக்கு மேல் போனால் கேன் வெடிக்கக்கூடும்.

தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர். காருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கார் மேல் ஓட்டி, மறுபக்கம் வெளியே போய் விடவும். முதல் கோட் வெறும் பனித்தூவலாக இருக்கட்டும். அடியில் பிரைமர் தெரியும், தெரியட்டும். முதல் கோட்டிலேயே மறைக்கப் பார்ப்பதால்தான் ஓரங்களில் வழிகிறது. முதலில் அடிக்க வேண்டியது எளிதில் எட்டாத இடங்களை: பம்பரின் கீழ், சக்கர வளைவு, கிரில். அப்புறம் பக்கங்கள், கடைசியில் கூரையும் பானெட்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு மெல்லிய கோட். கடைசிக் கோட் மட்டும் சற்று ஈரமாக, பளபளவென்று படியும் அளவுக்கு. அடித்ததும் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டு அறையைவிட்டு வெளியே வாருங்கள். தொட்டுப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். வெளியே வருவது அதற்காகத்தான்.

காகித முகமூடி பெயின்ட் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும்.

அடித்தபின் ஏதோ தப்பாகத் தெரிகிறது. என்ன காரணம்?

ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருந்தால், கேன் தூரத்தில் இருந்திருக்கும் அல்லது காற்றிலேயே பெயின்ட் பாதி காய்ந்திருக்கும். நன்றாகக் காயவிட்டு 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் லேசாகத் தேய்த்து அடுத்த கோட் அடிக்கலாம். வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி நின்றால் எண்ணெய் அல்லது சிலிக்கோன் பட்டிருக்கிறது. டாஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் போன்றவற்றை அதே மேசையில் பயன்படுத்தினால் இது வரும். மேலே அடித்து மூட முடியாது, உரித்துக் கழுவித்தான் ஆக வேண்டும்.

வெள்ளைப் பனி படர்ந்தது போல மங்கினால் காற்றில் ஈரப்பதம் அதிகம். லாக்கரில் இது சகஜம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. மழை நாளில் அடிக்காதீர்கள். லேசாக இருந்தால் உலர்ந்த நாளில் இன்னொரு மெல்லிய கோட் அடித்தாலே சரியாகும்.

வழிந்துவிட்டால் துடைக்கப் போகாதீர்கள், இன்னும் கெடும். முழுக்கக் காயட்டும், வழிந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

அந்தப் பழைய ஹாட் வீல்ஸ் போல உள்ளிருந்து மின்னும் நிறம் எப்படி வருகிறது?

ஸ்பெக்ட்ராஃபிளேம் என்று பெயர். 1968-ல் முதல் ஹாட் வீல்ஸ் கார்கள் வந்தபோதே இருந்தது. பளபளக்கும் வெறும் உலோகத்தின் மேல், ஒளி ஊடுருவும் நிறப் படலம். வெளிச்சம் நிறத்தைத் தாண்டிப் போய் உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது.

வீட்டில் செய்ய இரண்டு வழி. உடலை 400-லிருந்து 3000 நம்பர் வரை தேய்த்து, உலோகப் பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கி, பிரைமர் இல்லாமல் நேராக ஒளி ஊடுருவும் நிறத்தை அடிப்பது ஒன்று. அழகு அபாரம், ஒட்டுதல் குறைவு. கையில் எடுத்து விளையாடாத காருக்குத்தான் இது. இன்னொன்று, பளபளப்புக் கறுப்பு, அதன் மேல் வெள்ளி, அதன் மேல் ஊடுருவும் நிறம். இதில் ஒவ்வொரு கோட்டும் நிறத்தை அடர்த்தியாக்கும் என்பதால் எல்லாப் பக்கமும் ஒரே எண்ணிக்கையில் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கதவு கரும்சிவப்பு, ஒரு கதவு ரோஜா என்று ஆகும்.

இரண்டு நிறம் அடிக்கும்போது கோடு கசிகிறதே?

மாடல்களுக்கான மெல்லிய மாஸ்கிங் டேப் வாங்குங்கள், சுவர் பெயின்டர்களின் டேப் போதாது. ஓரத்தை மரப் பல்குச்சியால் அழுத்தி ஒட்டியபின், முதலில் அடியில் இருக்கும் அதே நிறத்தையோ கிளியரையோ ஒரு மெல்லிய கோட் அடிக்கவும். கசிய வேண்டியது அதுவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அதன்பின் இரண்டாம் நிறம். டேப்பை முழுக்கக் காயும் முன்பே, பின்னோக்கி மடித்து மெதுவாக இழுக்கவும்.

விளக்கு, கிரில், ஜன்னல் ஓரம்?

இங்கேதான் கார் உயிர் பெறுகிறது. உடலின் நிறத்தைவிட, சரியாக வரைந்த முகப்பு விளக்கும் பின் விளக்கும்தான் அது நிஜக் கார் போலத் தெரியக் காரணம். முகப்பு விளக்குக் குழியில் வெள்ளி, காய்ந்தபின் ஒரு துளி புற ஊதா ஒளியில் இறுகும் ரெசினோ கிளியரோ விட்டால் கண்ணாடி போல நிற்கும். பின் விளக்குக்கு வெள்ளி மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு, வெறும் சிவப்பு அல்ல. குரோம் வேலைக்கு மொலோட்டோவின் திரவக் குரோம் பேனா கைக்கு அடக்கம். ஆனால் அதன் மேல் கிளியர் பட்டால் பளபளப்பு மங்கும், கடைசி வேலையாக வைத்துக்கொள்ளவும்.

கதவுக் கோடுகளில் நீர்த்த அடர்சாம்பல் எனாமலை நுனித் தூரிகையால் தொட்டால் தானாக ஓடிக் கோட்டை நிரப்பும். அடியில் லாக்கர் என்பதால், மிச்சத்தை எனாமல் தின்னர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். வெள்ளைக் காருக்குக் கறுப்பு வேண்டாம், கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும். இளஞ்சாம்பல் போதும்.

ஸ்டிக்கர்களை எப்படி ஒட்டுவது?

ஸ்டிக்கர் அல்ல, தண்ணீரில் நனைத்து நகர்த்தும் டெக்கல். ஸ்டிக்கரின் தடிமன் இந்த அளவுக்கு ஆகாது. பளபளப்பான பரப்பில் மட்டும் ஒட்டவும், மேட் பரப்பில் அடியில் காற்று சிக்கி வெள்ளையாக மின்னும். வளைவுகளில் படிய மைக்ரோ செட், மைக்ரோ சால் போன்ற திரவங்கள் உதவும். இரண்டாவதை விட்டதும் டெக்கல் சுருங்கும், பயந்து இழுக்காதீர்கள், காயும்போது தானே படிந்துவிடும்.

சொந்தமாக அச்சடிப்பதானால் இங்க்ஜெட்டில் அச்சடித்த தாளின் மேல் கிளியர் அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் மை கரையும். லேசர் அச்சுக்கு அது தேவையில்லை. வீட்டுப் பிரின்டர் வெள்ளையை அச்சடிக்காது. எனவே அடர்நிறக் காரில் தெளிவான தாளில் அச்சடித்த மஞ்சள் எழுத்து காணாமல் போகும்.

கிளியர் கோட் எத்தனை?

டெக்கலைப் பூட்ட இரண்டு மெல்லிய கோட் போதும். டூ-கே எனப்படும், ஹார்டனர் கலக்கும் கிளியர் கண்ணாடி போல நிற்கும், பெட்ரோல்கூடத் தொடாது. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். தகுந்த மூச்சுக் காப்பும் காற்று வெளியேற்றமும் உள்ள இடம் இல்லாமல் வீட்டு அறையில் அதை அடிக்க வேண்டாம். சாதாரண லாக்கர் கிளியரை ஒரு வாரம் இறுகவிட்டு, 3000 நம்பரில் தேய்த்து, பாலிஷிங் காம்பவுண்டு போட்டாலே 1:64-க்குத் தாராளம். ஓரங்களில் அழுத்தித் தேய்க்காதீர்கள். பெயின்ட் மெலிந்திருப்பது அங்கேதான், உலோகம் எட்டிப் பார்க்கும்.

சக்கரங்களையும் மாற்றலாமா?

மாற்றலாம், பலருக்கு அதுவே பெரிய ஈர்ப்பு. ரப்பர் டயர் வாங்கும்போது விட்டத்தோடு, சக்கரங்களை இணைக்கும் அச்சுக் கம்பியின் நீளத்தையும் பாருங்கள். நீளம் கூடினால் சக்கரம் உடலுக்கு வெளியே துருத்தும். மென்மையான வினைல் டயர்கள் சிலவற்றில் உள்ள எண்ணெய் காலப்போக்கில் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். டயர் பிளாஸ்டிக் அடித்தட்டை உரசிக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ளவும்.

பூட்டும்போது கண்ணாடி உள்ளே போகவில்லை. ஏன்?

உடலின் உள்பக்கத்தில் பெயின்ட் ஏறியிருக்கிறது. ஜன்னல் ஓரங்களையும் தூண்களையும் டேப்பால் மூடிவிட்டு அடித்திருந்தால் இது வராது. இப்போது வந்துவிட்டது என்றால், வலுக்கட்டாயமாக அழுத்தாமல், உள்பக்கப் பெயின்டை மட்டும் கத்தி நுனியால் சுரண்டுங்கள். கண்ணாடியில் கீறல் இருந்தால் 3000 நம்பர், அப்புறம் பிளாஸ்டிக் பாலிஷ்.

ஒரு காருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கைவேலை சில மணி நேரம்தான். காத்திருப்பதுதான் ஒன்று அல்லது இரண்டு வாரம். அதனால் நாலைந்து கார்களை ஒன்றாக ஓட்டுவது வசதி, ஒன்று காயும்போது இன்னொன்றைத் தேய்க்கலாம். பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று அறிய மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். நெடி அடித்தால் இன்னும் காயவில்லை.

குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கலாமா?

சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். தொழிற்சாலைப் பொம்மைகள் ஈயம் போன்றவற்றுக்காகச் சோதிக்கப்பட்டு வருகின்றன. நீங்கள் அடித்த பெயின்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. வாயில் வைக்கும் வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கு வரையச் சொல்லலாம். ரிமூவர், டிரில், ஸ்ப்ரே மூன்றும் பெரியவர்கள் வேலை.

செய்ததை விற்கலாமா?

விற்கிறார்கள். ஆனால் மாற்றியமைத்தது என்று தெளிவாகச் சொல்லி விற்க வேண்டும். சாதாரண மாடலுக்கு மின்னும் நிறமும் ரப்பர் டயரும் போட்டு அரிய வரிசை என்று தள்ளிவிடுவது மோசடி. வாங்குகிறவர் அடித்தட்டைத் திருப்பி ரிவெட்டைப் பார்ப்பார். அங்கே ஸ்குரு இருந்தால் கதை முடிந்தது. வேறொருவர் வரைந்த டெக்கல் வடிவமைப்பைப் பயன்படுத்தியிருந்தால் அனுமதி கேட்டு, அதையும் விளக்கத்தில் எழுதிவிடுங்கள். பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டில் எந்தப் பெயின்ட், எந்தக் கிளியர் என்று குறித்து வைத்தால், பின்னால் கீறல் விழுந்தாலும் வாங்கியவரே சரிசெய்துகொள்ள முடியும்.